மூன்று மலைகளின் சரித்திரம் – 9: ஏழாண்டு முற்றுகை

கோன் வமிசத்தார் கட்டிய சிறு துர்க்கம் விஜயநகரத்து நாயக்கர்களின் காலத்தில் பெருநகரமாக வளர்ந்து, 1649-ஆம் ஆண்டில் பீஜப்பூர் சுல்தானின் கைக்குச் சென்று, 1677-ஆம் ஆண்டில் சிவாஜி மகாராஜாவின் வசமான விருத்தாந்தத்தை இதுவரை பார்த்தோம். 1689-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சிவாஜியின் மகன் சம்பாஜி மொகலாய பாதுஷா ஔரங்கஜீபின் ஆணையால் கொல்லப்பட்டதும், அவர் தம்பி இராஜாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே புறப்பட்டு, கேளடி நாட்டு ராணி சென்னம்மாவின் ஆதரவோடு மொகலாயரின் கண்களுக்குத் தப்பி, அவ்வாண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் செஞ்சியின் வாயிலை வந்தடைந்ததும் சென்ற இதழில் சொல்லப்பட்டன.

அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

ஏறக்குறைய அதே நாட்களில் வடக்கே தலைநகரான ராய்கட் வீழ்ந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும், ஏழு வயதுப் பாலகன் சாஹுவும் மொகலாயப் பாசறையில் சிறைப்பட்டார்கள். மராத்தியருக்குத் தலைநகரம் இல்லை, பொக்கிஷம் இல்லை, சிம்மாசனம் என்று சொல்லிக்கொள்ளத் தமிழ் நாட்டின் நடுவே இந்த மூன்று குன்றுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

* * *

அரசு இடம் பெயர்ந்தது

இராஜாராம் செஞ்சியை ஒளிந்துகொள்ளும் குகையாக வைத்துக்கொள்ளவில்லை. வந்த சில நாட்களிலேயே அங்கே தர்பார் கூடிற்று. சிவாஜி வகுத்த அஷ்டபிரதான முறை மீண்டும் உயிர் பெற்றது. உடன் வந்த பிரஹ்லாத் நிராஜிக்குப் ‘பிரதிநிதி’ என்னும் புதிய பதவி உண்டாயிற்று. மகாராஷ்டிரத்தில் எஞ்சிய கோட்டைகளைக் காக்கும் பொறுப்பு இராமச்சந்திர பந்த் அமாத்தியரிடம் விடப்பட்டது.

பணமில்லாத அரசன் படைத்தலைவர்களுக்கு எதைக் கொடுப்பான்? நிலத்தைக் கொடுத்தான், அதுவும் தன் கையில் இல்லாத, பகைவனிடமிருந்து மீட்க வேண்டிய நிலத்தை. இன்ன பரகணாவை நீ மொகலாயரிடமிருந்து பறித்தால் அது உனக்கே உரியது என்று செஞ்சியிலிருந்து எழுதி அனுப்பப்பட்ட சாசனங்கள், தக்காணத்தில் சிதறிக் கிடந்த சர்தார்களை யெல்லாம் மறுபடி குதிரை ஏறச் செய்தன. சிவாஜி தம் காலத்தில் இத்தகைய நில மானியங்களை வெறுத்து, சம்பளம் கொடுத்தே படை நடத்தினார். அவருடைய மகன் அந்தக் கொள்கையைக் கைவிட்டது அவசியத்தின் பலவந்தத்தால். பிற்காலத்து மராத்திய சாம்ராஜ்யம் பல சிற்றரசர்களின் கூட்டாக உருக்கொண்டதற்கு விதை செஞ்சியில்தான் ஊன்றப்பட்டது.

கடற்கரையில் இருந்த ஐரோப்பிய வர்த்தகர்களும் இந்தத் தர்பாரை நாடி வந்தார்கள். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனியார் 1690-ஆம் ஆண்டில் இராஜாராமின் அரசிடமிருந்தே விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரையில் உள்ள ஊர்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் வந்தது. செயிண்ட் டேவிட் கோட்டை என்று சரித்திரம் அறிந்தது அதுவே.

சிம்மாசனம் செஞ்சிக்கு வந்த செய்தி ஔரங்கஜீபை எட்டியது. ராய்கட்டைப் பிடித்த அதே சேனாபதி, ஜுல்பிகர் கான், தெற்கே ஏவப்பட்டான். 1690-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவனுடைய சைன்யம் செஞ்சியின் சமவெளியில் கூடாரம் அடித்தது.

* * *

அவன் கண்ட கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் இன்று பிரயாணம் செய்பவர்கள், செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலையே கோட்டைக்குள் புகுந்து செல்வதைக் காண்பார்கள். வடபுறம் கிருஷ்ணகிரி, தென்மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்றும் சந்திராயன் துர்க்கம் என்றும் வழங்கும் மலை. இம்மூன்றையும் பெரிய மதிலொன்று முக்கோணமாக இணைக்கிறது. மதிலுக்கு வெளியே அகழி; உள்ளே வயல், குளம், கோயில், களஞ்சியம், லாயம், அரண்மனை. ஒரு மலையை இழந்தால் மற்றொன்றில் ஏறிக்கொண்டு போரிடலாம். மூன்றையும் ஒருசேர இழந்தாலன்றிச் செஞ்சி வீழாது.

அவற்றுள் ராஜகிரியே தலைமையானது. சுமார் 800 அடி உயரம். அடிவாரத்தில் கல்யாண மகால் நிற்கிறது. சதுரமான முற்றத்தைச் சுற்றி அறைகளும், நடுவே அடுக்கடுக்காக எழுந்து கூம்பிய கோபுரமுமாக அமைந்த அந்தக் கட்டடத்துக்குத் தொலைவிலிருந்த குளத்து நீர் சுட்ட மண்குழாய்களின் வழியே ஏறி வந்தது. பக்கத்தில் வளைந்த கூரையுடன் கூடிய பெரிய நெற்களஞ்சியம், குதிரை லாயங்கள், யானைக் குளம். இவற்றை யெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் செஞ்சியைப் பாதிதான் பார்த்தவர்கள். மேலே ஏற வேண்டும்.

ஏறுகின்ற வழி செங்குத்தானது. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அவற்றின் இடுக்குகளை மதில் கொண்டு அடைத்திருக்கிறார்கள். இயற்கை விட்ட இடைவெளியை மட்டுமே மனிதன் கட்டியிருக்கிறான். நடுவழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அதையும் கடந்து, வாயிலுக்குமேல் வாயிலாகப் புகுந்து சென்றால், உச்சிக்குச் சற்று முன்பாக மலை திடீரென்று பிளந்து நிற்கிறது.

அந்தப் பிளவின் அகலம் சுமார் 24 அடி. ஆழம் சுமார் 60 அடி. இப்புறத்துப் பாறை வேறு, அப்புறத்துச் சிகரம் வேறு. இரண்டுக்கும் நடுவே மரப்பாலம் ஒன்றே வழி. பாலத்தின் இக்கரையில் நின்று குனிந்து பார்த்தால், கீழே வெயில் புகாத கற்குவியல் தெரிகிறது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே பாலத்தை நோக்கிய காவல் வாயிலும், அதன் சுவரிலே துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகளும் தெரிகின்றன. பாலத்தை இழுத்துவிட்டால் அப்பால் இருக்கும் சிலர், இப்பால் நிற்கும் பெருஞ்சேனையை நாட்கணக்கில் நிறுத்திவைக்கலாம். அப்பால் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், பொக்கிஷ அறை, மணிக்கூண்டு, ஒரு பழைய பீரங்கி. குடிநீருக்கு வற்றாத சுனைகள்.

நீரும் நெல்லும் மேலே இருக்கின்றன. கீழே இருப்பவனுக்குப் பொறுமை மட்டுமே ஆயுதம். இந்த மலைத் துர்க்கம் பகைவனை அழிப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. பகைவனுடைய காலத்தைத் தின்பதற்காகக் கட்டப்பட்டது. இனிச் சொல்லப்போகும் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

* * *

வளைக்க முடியாத வளையம்

ஜுல்பிகர் கானுக்கு முதலிலேயே ஒன்று விளங்கிற்று. மூன்று மலைகளையும், அவற்றைச் சேர்ந்த காடுகளையும் முழுவதும் வளைத்துக்கொள்ளத் தன் படை போதாது. கிழக்கே பாசறை இறங்கினால் மேற்குக் காட்டுவாயில் திறந்திருந்தது. அந்த வழியாகத் தானியமும் தூதர்களும் போய்வந்த வண்ணம் இருந்தார்கள். பீரங்கிகள் மதிலைச் சிதைத்தன. பாறையைச் சிதைக்க முடியவில்லை.

அவன் மேலும் படை கேட்டான். பாதுஷா தம் கடைசி மகன் காம் பக்ஷையும், ஜுல்பிகரின் தந்தையும் சாம்ராஜ்யத்தின் பிரதம மந்திரியுமான அசத் கானையும் அனுப்பிவைத்தார். 1691-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் செஞ்சியை அடைந்தார்கள்.

துணைக்கு வந்தவர்களே வினையாக முடிந்தார்கள். இளவரசனுக்குச் சேனாபதியின் அதிகாரம் பொறுக்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இளவரசனின் தலையீடு பொறுக்கவில்லை. ஒரே பாசறையில் இரண்டு அரசுகள் நடந்தன. அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது.

* * *

1692, டிசம்பர்

இந்த முற்றுகையின் நடுமுள் இந்த ஒரு மாதத்தில் திரும்பியது. ஆகையால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

மகாராஷ்டிரத்தில் இராமச்சந்திர பந்த் திரட்டி அனுப்பிய குதிரைப்படை, சுமார் 30,000 பேர் கொண்டது, டிசம்பர் மாதத்தில் கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அதற்கு இரண்டு தலைவர்கள்: சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ். மொகலாயக் குதிரைகள் அந்நாட்களில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், நீரிலே தனாஜியின் நிழல் தெரிகிறதோ என்று சிப்பாய்கள் கேட்பார்களாம். மராத்திய நாட்டில் இன்றும் வழங்கும் கதை அது.

சந்தாஜி காஞ்சிபுரத்துப் பக்கம் திரும்பினார். அங்கே மொகலாய பௌஜ்தாராக இருந்த அலி மர்தான் கான், வருவது எவ்வளவு பெரிய சேனை என்று அறியாமல் எதிர்த்து வந்தான், தோற்றுச் சிறைப்பட்டான், பெருந்தொகை கொடுத்தே மீண்டான். காஞ்சி நாட்டு மக்கள் உயிருக்கு அஞ்சிச் சென்னைப்பட்டினத்துக்கு ஓடினார்கள்.

தனாஜி நேரே செஞ்சியின்மேல் வந்தார். கோட்டையைச் சூழ்ந்து அங்கங்கே சிதறிக் கிடந்த மொகலாயக் காவற்படைகள், வெளியிலிருந்து தனாஜியாலும் உள்ளிருந்து கோட்டைப் படையாலும் நசுக்குண்டன. மேற்குப் புறத்தில் காவலிருந்த இஸ்மாயில் கான் காயமுற்றுப் பிடிபட்டான். முற்றுகையிட வந்தவர்கள் முற்றுகைக்குள் அகப்பட்டார்கள். வடக்கேயிருந்து கடிதம் வரவில்லை, பணம் வரவில்லை, உணவுப் பொருள் வரவில்லை.

பாதுஷாவின் சேதியே வராத இடத்தில் வதந்தி வந்தது. ஔரங்கஜீப் இறந்துவிட்டார் என்று பாசறையில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. நம்பக்கூடாத செய்தியன்று அது. பாதுஷா இறந்தால் பட்டத்துக்குச் சகோதரப் போர் மூளும் என்பது அந்த வமிசத்தின் மாறாத வழக்கம். காம் பக்ஷ் அஞ்சினான். அந்த அச்சத்தில், தான் பிடிக்க வந்த பகைவனான இராஜாராமுக்கே அவன் ரகசியமாகத் தூது விடலானான். ஜுல்பிகரையும் அசத் கானையும் கைதுசெய்துவிட்டு மராத்தியரோடு உடன்பாடு செய்துகொள்வது அவனுடைய யோசனை.

ஒற்றர்கள் அந்த யோசனையை மந்திரிக்கு எட்டவிட்டார்கள்.

தந்தையும் மகனும் கலந்தாலோசித்தார்கள். பாதுஷாவின் புதல்வன்மேல் கைவைப்பது சிரச்சேதத்துக்குரிய குற்றமாகலாம். கைவைக்காவிட்டால் மறுநாளே தம் தலை போகலாம். அவர்கள் துணிந்தார்கள். அகழிகளின் முன்னே நின்ற படைகளை யெல்லாம் பின்வாங்கி, பெரிய பீரங்கிகளைப் பகைவனுக்குப் பயன்படாதபடி பழுதாக்கிவிட்டு, இளவரசனின் கூடாரத்தை வளைத்து அவனைச் சிறைப்பிடித்தார்கள். மொகலாய பாதுஷாவின் மகன், மொகலாய மந்திரியின் கைதியானான்.

மதிலின்மேல் நின்ற மராத்தியர் இந்தக் காட்சியைக் கண்டு ஆரவாரித்திருப்பார்கள். எனினும் அவர்கள் எதிரியை அடியோடு அழிக்கவில்லை. பேச்சு நடந்தது, வழிவிடப்பட்டது. 1693-ஆம் ஆண்டு ஜனவரியில், பட்டினியால் மெலிந்த மொகலாய சைன்யம் செஞ்சியை விட்டுக் கிளம்பி, வடக்கே வந்தவாசிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு விஷயத்தை இங்கே மறவாமல் குறிக்க வேண்டும். இரண்டு சேனைகளும் உண்டது இந்த நாட்டு விவசாயி விளைத்த நெல்லை. இரண்டு சேனைகளின் குதிரைகளும் மேய்ந்தது அவன் வயலில். வெற்றி தோல்விகளைக் குறித்துவைத்தவர்கள் பலர்; அந்த ஆண்டுகளில் செஞ்சியைச் சுற்றிய கிராமங்களில் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை என்று குறித்துவைத்தவர் எவருமில்லை.

* * *

நீண்டுகொண்டே போன யுத்தம்

அதன்பின் நான்கு ஆண்டுகள் யுத்தம் என்ற பெயரில் எதெதுவோ நடந்தது. 1693-ஆம் ஆண்டில் இராஜாராமின் அரசு புதுச்சேரியை ஒல்லாந்தருக்கு விற்றது. அவர்கள் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றி அதைக் கைப்பற்றினார்கள். 1694-ஆம் ஆண்டில் ஜுல்பிகர் கான் தஞ்சாவூர்மேல் படையெடுத்தான். அங்கே ஆண்ட ஷாஹஜி மகாராஜா சிவாஜியின் சகோதரர் வெங்காஜியின் மகன். இராஜாராமுக்கு உதவி வந்தவர். எதிர்க்க வலியின்றிக் கப்பம் கட்ட இசைந்தார். செஞ்சிக்குத் தெற்கேயிருந்து வந்த உதவி இதனால் தளர்ந்தது.

ஆனால் செஞ்சி மட்டும் பிடிபடவில்லை. ஏன்?

இதற்கு விடை சொல்லத் தகுதியுள்ள சாட்சி ஒருவர் உண்டு. அவர் பெயர் பீம்சேன், காயஸ்தர், மொகலாயப் படையிலிருந்த தளபத் ராவ் புந்தேலாவின் காரியதரிசி. அவர் பாரசீக மொழியில் எழுதிய ‘நுஸ்கா-இ-தில்குஷா’ என்னும் நூலில், ஜுல்பிகர் விரும்பியிருந்தால் வந்த அன்றே கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்றும், யுத்தத்தை நீட்டுவதே சேனாபதிகளின் வழக்கம் என்றும் மனம் கசந்து கூறுகிறார். மலையைப் பார்த்த நாம், வந்த அன்றே பிடித்திருக்கலாம் என்பதை அப்படியே ஏற்க முடியாது. ஆயினும் அவர் சுட்டும் காரணம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

மற்றொரு சாட்சி, புதுச்சேரியை நிர்வகித்த பிரான்சுவா மார்த்தேன். ஜுல்பிகருக்கும் இராஜாராமுக்கும் இடையே ரகசிய உடன்பாடு இருந்தது என்பது அவருடைய துணிபு. முதுமையின் எல்லையில் இருந்த பாதுஷா கண்மூடிய மறுநாள், தெற்கே தனக்கென ஓர் அரசை அமைத்துக்கொள்ள ஜுல்பிகர் எண்ணினான். அதற்கு மராத்தியரின் சிநேகம் வேண்டும். ஆகவே செஞ்சியை அவன் நெருக்கினானே அல்லாமல் நெரிக்கவில்லை.

கோட்டைக்குள்ளும் நிலைமை செம்மையாக இல்லை. சந்தாஜி ஒப்பற்ற போர்வீரர். ஆனால் தம்மினும் மேலான ஒருவரை ஏற்காத பிடிவாதக்காரர். இராஜாராமோடு அவருக்கு மனத்தாங்கல் முற்றியது. சேனாபதிப் பதவி தனாஜிக்கு மாறிற்று. வெளியே மொகலாயன் காத்திருக்க, உள்ளே இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து வாளெடுத்தார்கள். 1697-ஆம் ஆண்டில் சந்தாஜி, சொந்தப் பகையொன்றின் காரணமாக ஒரு மராத்தியத் தலைவனின் கையாலேயே கொலையுண்டார்.

மொகலாயரை நடுங்கவைத்த கரத்தை மராத்தியரே வெட்டிக்கொண்டார்கள். செஞ்சியின் விதி அன்றே பாதி தீர்ந்துபோயிற்று.

* * *

சிங்கவரத்து நிழலில்

1697-ஆம் ஆண்டு நவம்பரில் ஜுல்பிகர் கான் கடைசி முறையாக வந்து, கோட்டைக்கு வடக்கே, சிங்கவரத்தை நோக்கிய வாயிலுக்கு எதிரில் பாசறை இறங்கினான்.

சிங்கவரம் இன்றும் யாத்ரீகர்கள் தேடிச் செல்லும் தலம். குன்றைக் குடைந்த குகையினுள்ளே, அதே பாறையில் வடிக்கப்பட்ட அரங்கநாதர் நீண்டு சயனித்திருக்கிறார். ஒரே நோக்கில் முழுத் திருமேனியும் அடங்காது, தூண்களுக்கிடையே நகர்ந்து நகர்ந்து சேவிக்க வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தைப் பாராமல் போவது பெரும் நஷ்டம். ஏனென்றால் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தப் பாறைகளுக்கு வேறொரு சரித்திரம் உண்டு.

திருநாதர் குன்றில் ஒரு பெரும் பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை நினைவூட்டும் பழங்கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் விளங்கும் மேல்சித்தாமூரும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. தெற்கே விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு: செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவர் கல்லில் எழுதிவைத்த குகை. பனமலையில் இராசசிம்மன் எழுப்பிய கற்றளியும், அங்கே சுவரில் இன்னும் எஞ்சியிருக்கும் பார்வதியின் வர்ணச் சித்திரமும் வேறெங்கும் காணக் கிடையா.

ஒரே கல்லில் ஒருவன் கடவுளைக் கண்டான்; ஒருவன் நோன்பிருந்து உடலை விட்டான்; ஒருவன் மதில் எழுப்பினான். மூவரையும் இந்த நாடு தாங்கிற்று. பீம்சேனுக்கும் இது புலப்படாமற் போகவில்லை. போர்க்களத்துக்கு வந்த அந்த மனிதர் தென்னாட்டுக் கோயில்களைக் கண்டு வியந்து தம் நூலில் எழுதியிருக்கிறார்.

* * *

கடைசித் தாக்குதல்

இம்முறை ஜுல்பிகர் காலம் தாழ்த்தவில்லை. காலம் தாழ்த்த அவனால் முடியவில்லை. பாதுஷாவின் சந்தேகம் அவன் கழுத்துக்கு வந்துவிட்டது.

வடக்கே அவன், மேற்கே இராம் சிங் ஹாடா, தெற்கே தாவூத் கான் பன்னி. முரட்டுத் துணிச்சலுக்குப் பெயர் பெற்ற தாவூத் கான், சந்திரகிரிக்குத் தெற்கேயுள்ள சக்கிலி துர்க்கம் என்னும் சிறு குன்றை ஒரே நாளில் பிடித்துவிட்டான். செஞ்சியின் காவல் உண்மையில் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது அன்று வெளிப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் இன்றளவும் விவாதத்துக்குரியது. கோட்டை வீழ்வதற்கு முன்பே, இரவோடு இரவாக, இராஜாராம் தம் முக்கிய மந்திரிகளுடன் வெளியேறி வேலூர்க் கோட்டையை அடைந்துவிட்டார். அப்போது வேலூர் மராத்தியர் வசமே இருந்தது. மொகலாயப் பாசறையில் ஊழியம் செய்த மராத்தியத் தலைவன் கணோஜி ஷிர்க்கே இதற்கு உதவினான் என்றும், அந்த உதவிக்குக் கூலியாக இராஜாராமின் காரியதரிசி கண்டோ பல்லாள் தம் பரம்பரை நில உரிமையையே எழுதிக்கொடுத்தார் என்றும் மராத்திய மரபு கூறுகிறது. ஜுல்பிகரே முன்கூட்டி எச்சரித்து அனுப்பினான் என்பது மற்றொரு கட்சி.

அரசர் தப்பினார். குடும்பம் தப்பவில்லை.

1698-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாவூத் கான் சந்திரகிரியின் மதிலை ஏறிக் கீழ்க்கோட்டைக்குள் புகுந்தான். தளபத் ராவ் கடுஞ்சண்டைக்குப்பின் கிருஷ்ணகிரியின் வெளிக்கோட்டையைப் பிடித்தார். உட்கோட்டைக்குப் பின்வாங்கிய மராத்தியர் வாயிலை அடைப்பதற்குள் அவர்களோடு கலந்தே அவருடைய புந்தேலர்களும் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். இரண்டு மலைகள் போயின. எஞ்சியவர்கள் ராஜகிரியின்மேல் ஏறினார்கள்.

அந்த 24 அடிப் பிளவும் மரப்பாலமும் இப்போதும் இருந்தன. நீர் இருந்தது. ஆனால் எந்த அரசனுக்காகக் காக்க வேண்டுமோ அந்த அரசன் அங்கே இல்லை. எந்தச் சேனை வந்து மீட்க வேண்டுமோ அந்தச் சேனை வரவில்லை. ராஜகிரி பணிந்தது. இராஜாராமின் மனைவியரும் மக்களும் சிறைப்பட்டார்கள். அரசியருள் ஒருத்தி பகைவர் கையில் அகப்பட மனமின்றி மலையுச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டாள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்லுகின்றன. இன்று பாலத்தைக் கடந்து சிகரத்தில் நிற்பவர்கள், அவளுக்கு அங்கே ஒரு நினைவுக்கல்லும் இல்லை என்பதை அறிவார்களாக.

* * *

வென்றது யார்?

மொகலாயர் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டார்கள். ‘நுஸ்ரத் ஜங்’ என்னும் பட்டம் பெற்ற ஜுல்பிகரின் வெற்றிக்கு அடையாளமாக. ஆனால் வெற்றியின் பலன் எங்கே? இராஜாராம் சில வாரங்களில் விசாலகட்டை அடைந்து மகாராஷ்டிரத்தில் மீண்டும் போரை மூட்டினார். 1700-ஆம் ஆண்டில் அவர் சிம்மகட்டில் இறந்தபோது அவருடைய மனைவி தாராபாய் அதைக் கையேற்று நடத்தினாள். 1707-ஆம் ஆண்டில் ஔரங்கஜீப் தக்காணத்திலேயே, தில்லிக்குத் திரும்பாமலே, கண்மூடினார்.

செஞ்சி இல்லாதிருந்தால் 1690-ஆம் ஆண்டோடு மராத்திய அரசு முடிந்திருக்கும் என்பதே என் முடிவு. ஒரு மலைத் துர்க்கம் பாதுஷாவின் தலைசிறந்த சேனாபதியையும், பிரதம மந்திரியையும், இளவரசனையும், கணக்கற்ற பொருளையும் ஏழாண்டுகளுக்கு மேல் தன் அடிவாரத்தில் கட்டிப்போட்டது. அந்த அவகாசத்தில் தக்காணம் முழுவதும் மராத்தியக் குதிரைகளின் வசமாயிற்று. கோட்டை தோற்றது; அது கட்டப்பட்ட நோக்கம் வென்றது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ மராத்திய இராணுவத் துர்க்கங்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அப்பட்டியலில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே.

எனினும் ஒரு கேள்வி நிற்கிறது. இராஜாராம் தப்பியது கணோஜி ஷிர்க்கேயின் இனப்பற்றாலா, காவலரின் கவனக்குறைவாலா, அன்றிச் சேனாபதி ஜுல்பிகர் கானே கதவைத் திறந்துவிட்டானா? பீம்சேனும் மார்த்தேனும் தந்த சாட்சியங்களை உங்கள்முன் வைத்தேன். தீர்ப்பை வாசகர்களே யோசித்து எழுதுங்கள்.

இத்தனை இரத்தம் சிந்திப் பிடித்த கோட்டையை மொகலாயர் சில ஆண்டுகளிலேயே கைகழுவி, தலைமை இடத்தை ஆர்க்காட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். செஞ்சியைக் காக்கும் பொறுப்பு சொரூப் சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரனிடம் விடப்பட்டது. அவனுக்குத் தேஜ் சிங் என்று ஒரு மகன். தமிழ் மக்கள் அவனைத் தேசிங்கு ராஜா என்று பாடினார்கள். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் அந்த இளைஞன் ஏன் கோட்டையை விட்டு வெளியே வந்தான்? அடுத்த இதழில்.